காற்று தடுத்தும் செயற்கைக்கோளின் வேகம் கூடுவது ஏன்?

உயரம் 400 கிலோமீட்டரிலிருந்து 200 ஆகக் குறையும்போது சுற்றுவேகம் விநாடிக்கு 7.67 கிலோமீட்டரிலிருந்து 7.79 ஆக உயர்வதாக உங்கள் கணக்கு காட்டுகிறது; காற்றின் இழுவை வேகத்தைக் குறைக்கத்தானே வேண்டும், பிழை எங்கே என்று கேட்டிருந்தீர்கள். பிழை ஏதும் இல்லை. நானும் முதலில் இதே இடத்தில்தான் தடுமாறினேன்.

செயற்கைக்கோள் எப்போதும் பூமியை நோக்கி விழுந்துகொண்டேதான் இருக்கிறது; பக்கவாட்டில் அது விரையும் வேகத்தில், விழும் அளவுக்குப் பூமியின் பரப்பும் வளைந்து விலகிவிடுவதால் தரையைத் தொடுவதில்லை. மெல்லிய காற்று அதன் ஆற்றலைச் சிறிது பறித்ததும் பாதை உள்நோக்கிச் சுருங்குகிறது. அப்படி இறங்கும்போது இழக்கும் நிலையாற்றலில் ஏறத்தாழப் பாதி இயக்க ஆற்றலாக மாறி வேகத்தைக் கூட்ட, மறுபாதி வெப்பமாக வெளியேறுகிறது. மொத்த ஆற்றல் குறையத்தான் செய்கிறது. உங்கள் சமன்பாட்டில் நிலையாற்றலையும் சேர்த்து எழுதிப் பாருங்கள்.

பாதை மெதுவாகச் சுருங்கும் வரைதான் இது பொருந்தும். சுமார் 120 கிலோமீட்டருக்குக் கீழே காற்று அடர்ந்து, இழுவை மேலோங்கி, வேகம் சரியத் தொடங்கும். பெரும்பகுதி எரிந்துவிடும், டைட்டானியத் தொட்டிகள் போன்றவை தப்பித் தரைக்கு வருவதும் உண்டு.

விழும் நாளை இக்கணக்கைக் கொண்டு துல்லியமாகச் சொல்ல முயல வேண்டாம். சூரியனின் செயல்பாடு கூடும்போது மேல் வளிமண்டலம் விரிந்து இழுவை அதிகரிக்கும். 1973இல் ஏவப்பட்ட அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாப், எதிர்பார்த்ததைவிட முன்னதாக 1979 ஜூலை 11 அன்று விழுந்து, அதன் துண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில் சிதறியதற்கு அதுவே முக்கியக் காரணம்.