மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் இரத்தம் உறைந்துவிடுமா?

52 வயதான உங்கள் அக்காவுக்கு மருத்துவர் ஹார்மோன் மாத்திரையைப் பரிந்துரைத்திருப்பதாகவும், இரத்த உறைவுக்கு அஞ்சி அவர் மறுத்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மறுப்பதற்கு முன், மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பேட்ச் தனக்குப் பொருந்துமா என்று அவர் மருத்துவரிடம் கேட்கட்டும்.

மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைப் பெரும்பாலும் உருவாக்குவது கல்லீரலே என்பதால், இரத்தத்தின் உறையும் தன்மை அங்கேயே கூடிவிடுகிறது. பேட்ச், ஜெல் ஆகியவற்றிலுள்ள மருந்து தோல் வழியாக நேரே இரத்தத்தில் கலக்கிறது. பிரிட்டனில் 2019இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், இவற்றைப் பயன்படுத்திய பெண்களிடம் இந்த அபாயம் கூடியதாகக் காணப்படவில்லை.

பலருடைய அச்சத்துக்கு வேர் 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு. ஈஸ்ட்ரோஜனும் புரொஜெஸ்டினும் (புரொஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போன்ற செயற்கை மருந்து) சேர்ந்த மாத்திரையை எடுத்த 10,000 பெண்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 34 பேருக்கும், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 16 பேருக்கும் இரத்த உறைவு ஏற்பட்டது. இருமடங்கு என்பது உண்மைதான். ஆனால் அது 10,000 பேரில் கூடுதலாகப் பதினெட்டுப் பேர் என்பதையும், ஆய்வில் பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

என் தாயாருக்கு இடுப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலில் இரத்தம் உறைந்திருந்தது. நானும் இச்சிகிச்சைக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இதைச் சொன்னதும் மகளிர் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் பேட்ச்சையும், எனக்குக் கருப்பை இருப்பதால் அதன் உட்சவ்வைக் காக்கப் புரொஜெஸ்டிரோனையும் தந்தார். நம் ஊர்ப் புழுக்கத்தில் பேட்ச் நிற்குமா என்று தயங்கினேன். உலர்ந்த அடிவயிற்றில் ஒட்டினால் நன்றாகவே நிற்கிறது. இரவெல்லாம் வியர்த்துத் தூக்கமின்றித் தவிப்பதை “வயதானால் அப்படித்தான்” என்று நம் பெண்கள் பொறுத்துக்கொள்வது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அக்காவுக்கோ நெருங்கிய உறவினருக்கோ முன்பு இரத்த உறைவு வந்திருந்தால், உடல் எடை மிகுந்திருந்தால், புகைப்பழக்கம் இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இச்சிகிச்சை தரப்படுவதில்லை. மாத்திரைதான் என்று முடிவானால், முதல் ஆண்டில் அபாயம் அதிகம். அறுவைச் சிகிச்சைக்கும் நீண்ட விமானப் பயணத்துக்கும் முன்பு மருத்துவரிடம் கலந்து பேச வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் சிங்கப்பூரின் அவசர மருத்துவ ஊர்தி எண்ணான 995ஐ உடனே அழையுங்கள்.