கார் கதவுப் பூட்டில் பாகங்களைக் குறைத்து, பொருத்தும் வேலையை எளிதாக்குவது எப்படி?

முதலில் எதைத் தொடக்கூடாது என்று பார்ப்போம். கதவுச் சட்டத்தில் உள்ள கொண்டியைக் கவ்வும் சுழல் நாக்கு, அதைத் தடுத்து நிறுத்தும் தடைநாக்கு, இரண்டின் ஸ்பிரிங்குகள்: இவைதான் பூட்டின் உயிர். முழுப் பூட்டு, அரைப் பூட்டு (கதவு முழுதாகச் சாத்தாதபோதும் திறந்துவிடாமல் பிடித்து நிற்பது) என்ற இரண்டு நிலைகளும் கட்டாயம். வாகனக் கதவுப் பூட்டுகளுக்கான ஐநா விதி எண் 11-இன்படி முழுப் பூட்டு நீளவாக்கில் 11,000 நியூட்டனும் குறுக்கே 9,000 நியூட்டனும் தாங்க வேண்டும். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம்.

குறைக்க வேண்டியது கைப்பிடிக்கும் பூட்டுக்கும் நடுவே ஓடும் கம்பிகளை. ஒவ்வொன்றுக்கும் தனி வளைவு, இரு முனையிலும் பிளாஸ்டிக் கிளிப். கிளிப் தேய்ந்தால் கடகடவென்று சத்தம். கதவின் குறுகிய துளைக்குள் கைவிட்டு மாட்டுவதும் பெரும்பாடு. பதிலாக உறைக்குள் ஓடும் கேபிள் போடலாம். கேபிள், பூட்டு, கண்ணாடி ஏற்றும் பொறி எல்லாவற்றையும் ஒரே தட்டில் வெளியிலேயே பொருத்திச் சோதித்துவிட்டு, மொத்தமாகக் கதவுக்குள் நுழைக்கலாம். பூட்டின் மோட்டாருக்கும் சுவிட்சுகளுக்கும் ஒரே கனெக்டர் போதும்.

கேபிளில் பிழை வரும் இடங்கள் உண்டு. இறுக்கமாக வளைத்தால் உராய்வு கூடி உள்கைப்பிடி திரும்பாது. சிறிது தளர்வு விடாவிட்டால் தடைநாக்கு முழுதாக உட்காராது. கதவு சாத்தியதுபோல் தெரியும், ஆனால் அரைப் பூட்டிலேயே நிற்கும். கேபிள் பூட்டுக்குள் நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி ஏறட்டும், இல்லையேல் மழைநீர் அதன் வழியே உள்ளே வடியும்.