தோக்குற டீமை ஏன் விட முடியல? - வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல கால்பந்து பத்தி கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் இருந்து வந்த கடிதம் பூராவும் ஒரே மனக்குறைதான், ஒரு காலத்துல உலகத்தையே ஆட்டி வச்ச நம்ம டீம் இப்படி ஆயிடுச்சேங்கிற வருத்தம். அதுலயும் பாதிக்கு மேல இங்கிலாந்து கிளப் மான்செஸ்டர் யுனைடெட் பத்தி. சரி, இந்த தடவை இதை மட்டுமே பேசிருவோம்.

அண்ணே, எங்க சித்தப்பா மான்செஸ்டர் யுனைடெட் வெறியர். சின்ன வயசுலயே எனக்கும் ஜெர்சி வாங்கிக் குடுத்துப் பழக்கிட்டாரு. அவரு ரூனி, ரொனால்டோ, ஃபெர்குசன்னு எல்லாத்தையும் பார்த்துட்டாரு. நான் விவரம் தெரிஞ்சு பார்க்க ஆரம்பிச்சதுல இருந்து ஒரு லீக் பட்டம்கூட இல்ல. ஹாஸ்டல்ல மான்செஸ்டர் சிட்டி ரசிகர் பசங்க ஓட்டுறானுங்க. கிளப் ஏன் இப்படி ஆச்சு, நான் எதுக்கு இன்னும் இதுல இருக்கணும்?
(கல்லூரி மாணவர், காரைக்குடி)

தம்பி, முதல்ல நீ பார்க்காததைச் சொல்றேன். 1993-ல இருந்து 2013 வரைக்கும் 13 லீக் பட்டம், எல்லாம் ஒரே மேனேஜர், ஃபெர்குசன். மொத்தம் 20 பட்டம், அந்த 20-வது வந்தது 2013-ல. அதோட அவரு ரிட்டயர் ஆயிட்டாரு, அதே கோடையில கிளப்போட நிர்வாகத்தைப் பார்த்துக்கிட்ட டேவிட் கில்லும் கிளம்பிட்டாரு. டீமை நடத்துறவரும் ஆபீஸை நடத்துறவரும் ஒரே நேரத்துல போனா அந்த இடத்துல பழைய வழக்கம் தெரிஞ்ச ஆளே இல்லாம போயிரும்ல, அதுதான் நடந்துச்சு. அடுத்து வந்த மோய்ஸுக்கு ஆறு வருஷ ஒப்பந்தம், ஒரு சீசன்கூட முழுசா இருக்க விடல, அந்த வருஷம் 7-வது இடம். அப்புறம் வான் கால், மொரீனியோ, சோல்ஷயர், ராங்னிக், டென் ஹாக், அமோரிம்னு வரிசையா வந்தாங்க. ஒவ்வொருத்தர் ஆடுற ஸ்டைலும் வேற, ஒவ்வொருத்தருக்கும் வேற மாதிரி பிளேயர் வேணும், ஒருத்தர் வாங்கினவனை அடுத்தவரு பெஞ்சுல உட்கார வச்சாரு. போக்பா 2016-ல 8.9 கோடி பவுண்டுக்கு வந்தான், அன்னைக்கு உலகத்துலயே அதான் அதிக விலை, 2022-ல காசே வாங்காம ஃப்ரீயா போயிட்டான். பணம் செலவு பண்ணலன்னு யாரும் சொல்ல முடியாது. யோசிச்சு செலவு பண்ணல, அதான் குறை.

ஆனா வேரு அதுக்கும் கீழ இருக்கு. 2005-ல அமெரிக்காவுல இருந்து கிளேசர் குடும்பம் கிட்டத்தட்ட 79 கோடி பவுண்டுக்கு கிளப்பை வாங்குனாங்க. அதுல பெரும் பங்கு கடன், அந்தக் கடன்ல பெரும்பகுதியைத் தூக்கி கிளப் தலையிலயே வச்சாங்க. அதுக்கு முன்னாடி கிளப்புக்குக் கடனே கிடையாது. வட்டி, அடமானம்னா என்னன்னு செட்டிநாட்டுக்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம், அதனால நம்ம பாஷையிலயே சொல்றேன். ஒருத்தர் உங்க அப்பச்சி கட்டுன வீட்டை விலைக்குக் கேக்குறாரு, கையில முழுப் பணம் இல்ல, அந்த வீட்டையே அடமானம் வச்சு கடன் வாங்கி பங்காளிகளுக்குப் பணத்தைப் பிரிச்சுக் குடுத்துட்டாரு, வீடு அவரு பேருக்கு வந்துருச்சு, இனிமே வட்டி கட்டுறது அவரு சட்டைப்பையில இருந்து இல்ல, அந்த வீட்டுல வர்ற வாடகையில இருந்து. வாடகை வட்டிக்குப் போயிட்டா ஓடு மாத்த காசு எங்க இருக்கும்? 2024 மே மாசம் ஆர்சனல் மேட்ச் முடிஞ்சதும் மழை அடிச்சு கிளப்போட மைதானம் ஓல்ட் டிராஃபோர்டு கூரையில இருந்து அருவி மாதிரி தண்ணி கொட்டுன வீடியோவை நீயும் பார்த்திருப்ப. அது அந்த ஒரு நாள் மழையால வந்த வினை இல்ல, பல வருஷமா கவனிக்காம விட்டது. இப்ப 2024-ல இருந்து பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்கு மேல பங்கு வாங்கி உள்ள வந்திருக்காரு, கால்பந்து சம்பந்தப்பட்ட முடிவெல்லாம் அவரு பக்கம், ஆனா ஓட்டுரிமையில மெஜாரிட்டி இன்னும் கிளேசர் குடும்பத்துக்கிட்டதான்.

நான் சொல்ல வர்றது இதுதான் தம்பி. கிளப்பு மேல வச்ச பாசமும் ஓனர் மேல வர்ற கோவமும் ஒண்ணுக்கொண்ணு எதிரி இல்ல. ஓனரைத் திட்டுனா விசுவாசம் இல்லாதவன்னு யாராவது சொன்னா கேக்காத. மான்செஸ்டர்லயே பிறந்து வளர்ந்தவங்க 2005-ல வெறுத்துப்போய் தனியா எஃப்.சி. யுனைடெட்னு ஒரு கிளப்பே ஆரம்பிச்சாங்க. 2010-ல பச்சையும் தங்கமுமா மஃப்ளர் போட்டுக்கிட்டு மைதானத்துக்கு வந்தாங்க, அது கிளப்பு நியூட்டன் ஹீத்னு பேரு வச்சிருந்த காலத்து கலரு. 2021 மே 2-ஆம் தேதி மைதானத்துக்குள்ளயே புகுந்துட்டாங்க, லிவர்பூல் கூட நடக்க வேண்டிய மேட்சையே தள்ளி வைக்க வேண்டியதாப் போச்சு. அவங்க எல்லாம் கிளப்பை வெறுத்தா இதைச் செஞ்சாங்க?

ஓனர் வருவாரு போவாரு, அப்ப கிளப்புன்னா என்னதான்னு கேப்ப. 1937 அக்டோபர்ல இருந்து இன்னைக்கு வரைக்கும் ஒவ்வொரு மேட்ச் டீம்லயும் அவங்க அகாடமியில வளர்ந்த பையன் ஒருத்தனாவது இருந்திருக்கான். நடுவுல 1958 பிப்ரவரி 6-ல ம்யூனிக்ல விமானம் விழுந்து 8 பிளேயர் உட்பட 23 பேர் செத்தாங்க, பத்து வருஷத்துல, 1968-ல, பென்ஃபிகாவை 4-1-னு ஜெயிச்சு ஐரோப்பிய கோப்பையைத் தூக்குனாங்க. அதுக்கு அப்புறம் ஆறே வருஷம், 1974-ல இரண்டாம் டிவிஷனுக்கே இறங்கிட்டாங்க. 1967-க்கு அப்புறம் அடுத்த லீக் பட்டம் 1993-லதான், 26 வருஷம். அந்த 26 வருஷத்துல ரசிகரா இருந்து மடிஞ்சவங்களும் உண்டு, அவங்க ஒண்ணும் பாதி ரசிகர் இல்ல. உங்க சித்தப்பா பார்த்தது நல்ல காலத்தை, நீ பார்க்குறது இந்தக் காலத்தை, ரெண்டு பேரும் பார்க்குறது ஒரே டீம்தான்.

எங்க வீட்டு அவுக ரொம்ப நல்லவுக, ஆனா இந்த டீம் தோத்துட்டா ரெண்டு நாளைக்கு முகத்தைத் தூக்கி வச்சுக்குறாக. லிவர்பூல்கிட்ட ஏழு கோல் வாங்குன ராத்திரி வச்ச இட்லியைத் தொடல, விடிஞ்சதும் பிள்ளைகளைக் காரணமே இல்லாம சத்தம் போட்டாக. எங்கேயோ இருக்குற டீமுக்காக இங்க ஏன் இப்படி?
(வாசகி, தேவகோட்டை)

ஆச்சி, அந்த வருத்தம் நடிப்பு இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். 2023 மார்ச் 5, ஞாயித்துக்கிழமை ராத்திரி நமக்குப் பத்து மணிக்கு ஆரம்பிச்ச மேட்ச் அது. இடைவேளைக்கு ஒரு கோல்தான் பின்தங்கி இருந்தாங்க. ரெண்டாவது பாதியில ஆறு. அதுக்கு முந்தின ஞாயிறுதான் அதே டீம் லீக் கப் ஜெயிச்சு, ஆறு வருஷத்துக்கு அப்புறம் ஒரு கோப்பை வந்துருச்சு, இனிமே நல்ல காலம்தான்னு எல்லாரும் நம்பி இருந்தோம். நம்பிக்கை வந்த ஒரே வாரத்துல அப்படி விழுந்தா யாருக்கும் வலிக்கும்.

ஆனா பிள்ளைகளைத் திட்டுறது தப்பு, அதுல ரெண்டாவது பேச்சே இல்ல, இந்தப் பக்கத்தை அவுககிட்டயே காட்டுங்க. அண்ணே, உங்ககிட்ட நேராவே சொல்றேன்: வார நாள்ல நடுராத்திரி மேட்சை லைவ்ல பார்க்காதீங்க, காலையில ஸ்கோர் பார்த்துட்டு வேணும்னா ஹைலைட்ஸ் பாருங்க, தூக்கம் கெட்டாதான் பாதிக் கோவம் வருது. மேட்ச் முடிஞ்சதும் வாட்ஸ்அப் குரூப்பை மியூட் பண்ணிடுங்க, தோத்தது அரை மணி நேரம் வலிச்சா அந்த மீம்ஸ் நாலு நாள் வலிக்கும். முடிஞ்சா பிள்ளைகளைப் பக்கத்துல உட்கார வச்சுப் பாருங்க. அப்பா தோல்வியில எப்படி நடந்துக்குறாருன்னு அதுக பார்த்துக்கிட்டுதான் இருக்கும்.

நான் இளவட்டத்துல கோலாலம்பூர்ல ஒரு கிட்டங்கியில கணக்கு எழுதினவன். மெர்டேகா மைதானத்துல செலாங்கூர் ஆட்டம்னா கடையைச் சீக்கிரம் சாத்திட்டுப் போயிருவோம். இப்ப அந்த டீமை ஜொகூர்காரன் போட்டு மிதிக்கிறான். பேரன், "ஐயா, பழைய கதையை விடுங்க"ங்குறான். பழைய கதைதானா?
(வயது 78, பள்ளத்தூர்)

ஐயா, உங்க கடிதத்தைப் படிச்சு ரொம்ப சந்தோஷம். மலேசியக் கோப்பையை 33 தடவை ஜெயிச்ச டீம் செலாங்கூர், அந்தக் கணக்குக்குப் பக்கத்துல இன்னும் யாரும் வரல. கடைசியா ஜெயிச்சது 2015-ல. ஜொகூர் 2014-ல இருந்து லீக்கை யாருக்கும் விட்டுக் குடுக்காம வருஷா வருஷம் அள்ளுது, அங்க பணமும் இருக்கு, நல்ல மைதானமும் இருக்கு, ஒழுங்கான திட்டமும் இருக்கு, அதையும் ஒத்துக்கத்தான் வேணும்.

பேரன்கிட்ட ரெண்டு பேரைப் பத்தி மட்டும் உட்கார வச்சு சொல்லுங்க. ஒண்ணு செலாங்கூர் ஸ்ட்ரைக்கர் மொக்தார் தஹாரி. நாட்டுக்காக 89 கோல், நரம்பு நோய் வந்து 1991-ல 37 வயசுலயே போயிட்டாரு. இன்னொருத்தர் நம்ம ஆளு, கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம். நீளமான கை, அதனாலேயே ஸ்பைடர்மேன்னு பேரு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்குன மலேசிய அணியில அவர்தான் கோல்கீப்பர், பகிஷ்கரிப்புன்னு சொல்லி டீமை அனுப்பல, அவரும் 1988-ல சாலை விபத்துல இறந்துட்டாரு. ஒரு தமிழன் கோல் வாசல்ல நின்னதை நேர்ல பார்த்த கண்ணு உங்களுது. பேரன் யூடியூப்ல தேடுனாலும் அந்தக் காலத்து மேட்ச் முழுசா கிடைக்கறது கஷ்டம், நீங்க சொன்னாதான் அவனுக்குத் தெரியும். சொல்லிக்கிட்டே இருங்க ஐயா.

கீழ போன பெரிய டீம் திரும்ப மேல வந்திருக்கா? இல்ல நாங்கதான் ஏமாந்துக்கிட்டு இருக்கோமா?
(புதுவயல்)

வந்திருக்கு. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1979, 1980-னு அடுத்தடுத்து ஐரோப்பிய கோப்பை ஜெயிச்ச டீம், 2005-ல மூணாவது டிவிஷனுக்கே போயிருச்சு. 1999-ல பிரீமியர் லீக்கை விட்டு இறங்குனவங்க திரும்ப ஏறுனது 2022-ல, அந்த சீசன் ஆரம்பத்துல அவங்க இருந்தது ரெண்டாவது டிவிஷன் அட்டவணையோட அடியில. லிவர்பூல் ஒரு லீக் பட்டத்துக்கு 1990-ல இருந்து 2020 வரைக்கும் காத்திருந்தாங்க. லீட்ஸ் 2001-ல சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, 2004-ல கீழ, திரும்ப வர 16 வருஷம். ஆனா எல்லா டீமும் வந்துரும்னு பொய் சொல்ல மாட்டேன், வராமலேயே போன டீமும் இருக்கு. வந்தாதான் இருப்பேன்னு கணக்குப் போடுறவங்க இப்பவே வேற டீம் பார்த்துக்கலாம், அதுல ஒண்ணும் பாவம் இல்ல.

இந்த மோசமான வருஷங்கள்ல உங்களுக்குப் பிடிச்ச ஒரு மேட்ச்?
(கானாடுகாத்தான்)

யோசிக்கவே வேணாம், 2025 ஏப்ரல் 17, பிரான்ஸ் கிளப் லியோன் கூட யூரோப்பா லீக் காலிறுதி. நமக்கு நடுராத்திரி பன்னெண்டரைக்கு ஆரம்பிச்சது, மறுநாள் புனித வெள்ளி லீவு, அதனால நிறைய பேரு முழிச்சிருந்தாங்க. ரெண்டு மேட்ச் கோலையும் சேர்த்துதான் கணக்கு, முதல் மேட்ச் 2-2. இந்த ரெண்டாவது மேட்ச்ல இடைவேளைக்கு 2-0 முன்னிலை, அப்புறம் வழக்கம்போல விட்டுட்டு 2-2. லியோன்ல ஒருத்தனுக்கு ரெட் கார்டு, எதிர்ல பத்து பேருதான், ஆனா எக்ஸ்ட்ரா டைம்ல அந்தப் பத்து பேருகிட்டயே ரெண்டு கோல் வாங்கி 2-4. டிவியை அணைச்சவங்க நிறைய. 114-வது நிமிஷம் புரூனோ பெனால்டி, 3-4. 120-ல மெய்னூ, அகாடமி பையன், பெனால்டி பெட்டிக்குள்ள பந்தை நிறுத்தி அவசரமே இல்லாம மூலையில வச்சான், 4-4. அடுத்த நிமிஷம் காசெமிரோ தூக்கிப் போட்ட பந்துக்கு மகுவயர் தலையைக் குடுத்தான், 5-4.

அந்த மகுவயரை நினைச்சுப் பாருங்க. 2019-ல 8 கோடி பவுண்டுக்கு வந்தவன், டிஃபெண்டர்ல அப்ப உலக ரெக்கார்டு. உலகம் பூரா கேலி பண்ணுச்சு, 2023-ல கேப்டன் பதவியைப் பிடுங்குனாங்க, வித்துடப் பார்த்தாங்க, அவன் போகல. டிஃபெண்டரா இருந்தவனை அன்னைக்குக் கோல் வேணும்னு முன்னாடி அனுப்பிட்டாங்க, அவனும் போய் நின்னான், அடிச்சான். அந்த சீசன்ல லீக்ல 15-வது இடம், 1974-க்கு அப்புறம் அவ்வளவு கீழ போனதே இல்ல. பில்பாவோல நடந்த ஃபைனல்லயும் டாட்டன்ஹாம்கிட்ட 1-0-னு தோத்தாங்க. தோக்கட்டும், அந்த ராத்திரியை யாரும் திருப்பி வாங்கிக்க முடியாதுல்ல.

என் மகளுக்கு 10 வயசு, என்கூட உட்கார்ந்து மேட்ச் பார்க்குறா. இந்தக் கஷ்டத்துல அவளையும் இழுத்து விடணுமா?
(செட்டிநாடு)

இழுக்கவும் வேணாம், தடுக்கவும் வேணாம். யுனைடெட் பெண்கள் அணியைக் காட்டுங்க, 2018-லதான் ஆரம்பிச்சாங்க, 2024-ல வெம்ப்ளியில டாட்டன்ஹாமை 4-0-னு அடிச்சு எஃப்.ஏ. கப் தூக்கிட்டாங்க. அதைவிட முக்கியம், நம்ம மதுரையில இருக்குற சேது எஃப்.சி. பெண்கள் டீம் 2019-ல இந்திய மகளிர் லீக் சாம்பியன், அதையும் சொல்லுங்க, ஏன்னா அது பஸ் ஏறிப் போற தூரத்துல இருக்கு. அப்புறம் ஒரு பந்து வாங்கிக் குடுங்க, 10 வயசுக்கு நாலாம் நம்பர் சைஸ்தான் சரியா இருக்கும், பெரியவங்க ஆடுற அஞ்சாம் நம்பர் வேணாம், கால் வலிக்கும்.