முதல் ஆல்பத்தின் பதிவு முடிந்தும் திருப்தியில்லை. தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி பதிவு செய்யலாமா?

"ஏதோ குறைகிறது, நானும் கிட்டாரிஸ்ட்டும் இந்த முறை கிளிக் ட்ராக் (வேகம் மாறாமலிருக்கக் காதில் ஓடும் டிக்-டிக் சத்தம்) வைத்து முதலிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். பழைய பதிவை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

இப்படி முதல் பதிவைத் தூக்கிப் போட்டவர்கள் நிறைய. தி ஸ்மித்ஸ் என்ற பிரிட்டிஷ் ராக் பேண்ட் தங்கள் முதல் ஆல்பத்தை 1983இல் ட்ராய் டேட் என்ற தயாரிப்பாளருடன் முழுதாகப் பதிவு செய்து, வேண்டாமென்று ஒதுக்கிவிட்டு, ஜான் போர்ட்டருடன் மறுபடி செய்தார்கள். 1984இல் வெளிவந்தது இரண்டாவது பதிவுதான். ஆனால் எனக்கு நெருக்கமான கதை ஆர்.ஈ.எம். என்ற அமெரிக்க ராக் பேண்டுடையது. அவர்களின் முதல் ஆல்பமான 'மர்மர்'க்கு முன் இசை நிறுவனம் அவர்களுக்கு ஒரு தயாரிப்பாளரை அமர்த்திப் பார்த்தது. அவருக்கு எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டும். ஒரே பாட்டை டேக் மேல் டேக் எடுக்க வைத்ததில் டிரம்மர் பில் பெரி நொந்துபோனார். பேண்டைக் கேட்காமலேயே கீபோர்டும் சேர்க்கப்பட்டது. கடைசியில் அவர்கள் தங்களுக்குப் பழக்கமான மிட்ச் ஈஸ்டரிடமும் அவருடைய கூட்டாளி டான் டிக்சனிடமும் போய் 1983இல் ஆல்பத்தை முடித்தார்கள்.

ஏன் டிரம்மர் பேச்சாகவே வருகிறது என்றால், நானும் டிரம்மர்.

எங்கள் முதல் ஆல்பத்தில் ஒன்பது பாட்டு. நாலே நாளில், நாலு பேரும் ஒரே அறையில் நின்று வாசித்துப் பதிவு செய்தோம். என் ஸ்நேர் டிரம் சத்தம் பாடுபவரின் மைக்கில் லீக் ஆனது, பேஸ் ஆம்ப் எல்லாவற்றிலும் கொழகொழவென்று விழுந்தது. அது குறைதான், மறுக்கவில்லை. பாடகருக்குப் பிடிக்கவில்லை. "டெமோ மாதிரி இருக்கிறது" என்றார். மறுபடி செய்வதாக முடிவு எடுக்கப்பட்டது. எடுக்கப்பட்டது என்றுதான் எழுத முடிகிறது, என்னை யாரும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை காதில் கிளிக்கை மாட்டிக்கொண்டு நான் மட்டும் தனியாக உட்கார்ந்து ஒன்பது பாட்டையும் வாசித்தேன். கிட்டார், பேஸ், குரல் எல்லாம் பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக ஏறின. அதுவும் போதாதென்று கணினியில் என் ஒவ்வொரு அடியையும் கிரிட்டுக்கு, அதாவது துல்லியமான தாளக் கட்டத்துக்கு, இழுத்து உட்கார வைத்தார்கள். எங்கள் ஆறாவது பாட்டு நிமிடத்துக்கு 118 பீட்டில் தொடங்கி, கடைசி கோரஸில் 124 வரை ஓடும். யாரும் திட்டமிட்டதில்லை, நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு வாசித்தால் அப்படித்தான் போகும். புதிய பதிவில் அது முழுக்க 120. எந்தத் தப்பும் இல்லை. கோரஸ் வந்தது தெரியாமல் போய்விடும், அவ்வளவுதான்.

கிளிக்கே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வராதீர்கள். ஓவர்டப் (பிறகு மேலே சேர்த்துப் பதியும் பகுதி) நிறைய இருந்தால், வெவ்வேறு டேக்குகளை வெட்டி ஒட்ட வேண்டியிருந்தால், கிளிக் பெரிய உதவி. எந்த இடத்தில் என்ன வேகம் என்று கிளிக்குக்குச் சொல்லும் டெம்போ மேப்பில், கோரஸுக்கு மட்டும் நிமிடத்துக்கு இரண்டு பீட் கூட்டிப் போட்டுக்கொள்ளவும் வழி இருக்கிறது. எனக்கு ஒரே தாளத்தில் வாசிக்கத் தெரியாது என்று நினைப்பவர்களும் நினைத்துக்கொள்ளட்டும், மூன்று மாதம் கிளிக்கோடு மட்டுமே பயிற்சி செய்தவன் நான்.

இன்னொன்று. இரண்டு பதிவையும் ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு நல்லதாகத் தோன்றும். எங்கள் புதிய மிக்ஸ் அன்று அசத்தியதற்குப் பாதிக் காரணம் அதுதான். ஒரு மாதம் கழித்து, அளவைச் சமப்படுத்திப் போட்டுப் பார்த்ததில் பாடகரே அமைதியாகிவிட்டார். கடைசியில் ஏழு பாட்டு புதிய பதிவிலிருந்தும் இரண்டு பழையதிலிருந்தும் போயின. ஆறாவது பாட்டு பழையதுதான். கேட்டவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஆல்பம் வெளியானபோது 'எல்லாப் பாடல்களும்' என்று போட்டு ஒரே பெயர் இருந்தது, பாடகர் பெயர். ஆறாவது பாட்டே நான் ஒத்திகைக்கு முன் சும்மா தட்டிக்கொண்டிருந்த ஒரு பீட்டிலிருந்து பிறந்தது. டிரம்ஸ் வாசிப்பதெல்லாம் பாட்டு எழுதுவது ஆகுமா என்று கேட்பீர்கள். ஆர்.ஈ.எம். நாலு பேர் பெயரையும்தான் போட்டார்கள். தி ஸ்மித்ஸின் டிரம்மர் மைக் ஜாய்ஸ் நீதிமன்றத்துக்கே போனார். அங்கே வழக்கு பாட்டு எழுதியதற்கான தொகையைப் பற்றியது இல்லை, பதிவிலும் மேடையிலும் வந்த வருமானம் பற்றியது. 10 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 25 சதவீதம் உண்டு என்று 1996இல் தீர்ப்பு வந்தது. நான் வழக்கெல்லாம் போடவில்லை, போடுமளவுக்கு எங்கள் ஆல்பம் சம்பாதிக்கவும் இல்லை. யார் என்ன எழுதினார்கள், யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை இரண்டாவது பதிவுக்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பாட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு, இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

அப்புறம், உங்கள் கேள்வியில் நீங்கள் இருக்கிறீர்கள், கிட்டாரிஸ்ட் இருக்கிறார். உங்கள் டிரம்மர் என்ன சொன்னார் என்று எழுதவே இல்லையே?