எச்.ஆர். ஒட்டிய பத்துப் பெயர்

கேள்வி: திருநெல்வேலி பக்கம் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். தொழிலாளர்கள் 140 பேர். சங்கம் வைக்கலாமா என்று பேச்சு கிளம்பியதும், “அதான் குறைதீர்க்கும் கமிட்டி இருக்கே” என்று எச்.ஆர். நோட்டீஸ் போர்டில் பத்துப் பெயரை ஒட்டிவிட்டார். அதில் ஐந்து பேர் எங்கள் ஆட்கள்தான். ஆனால் யாரும் எங்களைக் கேட்கவில்லை. இந்தக் கமிட்டி போதுமா?

பதில்: போதாது. அதற்காக அதை உதறியும் விடாதீர்கள்.

2025 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பின்படி, 20 தொழிலாளர் இருந்தாலே குறைதீர்க்கும் குழு கட்டாயம். அதில் நிர்வாகம், தொழிலாளர் என இரு தரப்பும் சரிபாதி. பெண் தொழிலாளர்களின் விகிதத்துக்குக் குறையாமல் பெண்கள் இருக்க வேண்டும். நான் பெரிதாக மதிப்பது இன்னொரு விதியை: தொழிலாளர் தரப்பில் பாதிக்கு மேல் சம்மதிக்காத முடிவு, முடிவே ஆகாது. உங்கள் கமிட்டியில் ஐந்தில் மூன்று பேர் தலையசைக்க வேண்டும். அந்த மூன்று பேரை நிர்வாகமே பிடித்துப் போட்டால் அந்த விதியால் யாருக்கு என்ன லாபம்?

ஒரு நூற்பாலையின் கமிட்டி நோட்டைப் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதக் கூட்டத்துக்கும் ஒரே கையெழுத்து, ஒரே மை, “குறைகள் எதுவுமில்லை” என்று ஒரே வரி. அந்த ஆறு மாதமும் பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆகவே, எங்கள் ஐந்து பேரை நாங்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்று எழுதிக் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

அப்புறம் சங்கம். கமிட்டி தனியாள் குறைக்கு. எல்லோருக்குமான கூலி உயர்வைப் பேசி முடிக்கச் சங்கம்தான் வேண்டும். அதைப் பதிவு செய்யத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அது. உங்களுக்கு 14 பேர் போதும். சங்கத்தில் சேர்ந்தால் வேலை போகும் என்று மிரட்டுவது சட்டப்படி குற்றமான நடைமுறை.

இந்த உரிமை நம் மண்ணுக்குப் புதிதல்ல. தூத்துக்குடி அன்று திருநெல்வேலி மாவட்டம். 1908 பிப்ரவரி இறுதியில் அங்கே கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கூட நின்றார்கள். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கிடைத்தன. தொழிற்சங்கச் சட்டம் வந்ததோ 1926இல்தான்.

நிர்வாகத்திலேயே தொழிலாளருக்கு இடம் கேட்பதும் புதிதல்ல. ஜெர்மனியில் 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் கம்பெனிகளில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் 1976 முதல் பாதி இடம் ஊழியர்களுக்கு. அதே ஆண்டு நம் அரசியலமைப்பிலும் 43ஏ பிரிவு சேர்ந்தது. நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழி செய்ய வேண்டும் என்கிறது. அதற்காக 1990இல் வந்த மசோதா சட்டமாகவே இல்லை. அது நிறைவேற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று: போர்டில் உள்ள பத்துப் பெயரில் பெண்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். விகிதம் குறைந்தால் கடிதத்தின் முதல் வரியில் அதை எழுதுங்கள். பெண்களின் கையெழுத்தையே முதலில் வாங்குங்கள்.