டோரித் தீவுக்கு ஒரே நாளில் போய் வரலாமா?

கேள்வி: டப்ளினில் வேலை பார்க்கும் மகளிடம் ஜூலையில் நானும் கணவரும் போகிறோம். ஐரிஷ் மொழி பேசுகிற டோரி என்ற தீவைப் பற்றிப் படித்ததிலிருந்து அங்கே போக ஆசை. டப்ளினிலிருந்து காலையில் கிளம்பி ராத்திரிக்குள் திரும்பலாமா? எங்களுக்கு ஆங்கிலமே அரைகுறைதான்.
- வாசகி, திருச்சி

பதில்: முடியாதும்மா, ஆசையை விட வேண்டாம், திட்டத்தை மட்டும் மாற்றுங்கள். தீவு இருப்பது அயர்லாந்தின் டோனிகல் மாவட்டத்துக்கு வடமேற்கே கடலுக்குள். படகு ஏற வேண்டிய மகரோர்ட்டி துறைக்கே டப்ளினிலிருந்து காரில் நாலரை மணி நேரம் ஆகும், டோனிகல்லில் ரயிலும் கிடையாது. முந்தின நாளே போய் அந்தப் பக்கம் தங்கிவிட்டால், மறுநாள் காலைப் படகில் போய் மாலைப் படகில் திரும்பலாம்.

முக்கியமான விஷயம், விசா. டப்ளினிலிருந்து டோனிகல்லின் பெரிய ஊரான லெட்டர்கென்னி போகும் நேர்வழி வட அயர்லாந்துக்குள் புகுந்து வெளியே வருகிறது, அது பிரிட்டன். எல்லையில் சோதனைச் சாவடி எதுவும் கண்ணில் படாது, அதற்காக அனுமதி வேண்டாம் என்று ஆகிவிடாது. உங்கள் ஐரிஷ் விசாவில் 'பிஐவிஎஸ்' (ஒரே விசாவில் பிரிட்டனுக்கும் போகலாம் என்ற ஏற்பாடு) என்ற குறிப்பு இருந்தால் அந்த வழியில் போகலாம். இல்லாவிட்டால் ஸ்லைகோ வழியாகச் சுற்றிப் போங்கள், நேரம் கூடும், வம்பு இல்லை.

படகுப் பயணம் முக்கால் மணி நேரம். காரைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும், குமட்டலுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு ஏறுங்கள், காலையில் துறைக்குக் கிளம்பும் முன் படகு உண்டா என்று போன் செய்து கேளுங்கள். நான் முதல் தடவை போனபோது வெயில் பளீரென்று அடித்தது, ஆனாலும் அலை பெரிசு என்று படகை நிறுத்திவிட்டார்கள், நாள் பூராவும் கரையில் நின்று தீவைப் பார்த்ததோடு சரி. 1974இல் புயலால் தீவே பல வாரங்கள் துண்டிக்கப்பட்டு, மக்களைக் காலி செய்து கரைக்குக் கொண்டுவந்துவிடலாமா என்று அரசாங்கம் யோசித்த இடம் அது. சில குடும்பங்கள் போய்விட்டன, மற்றவர்கள் அசையவில்லை. இன்றைக்கும் நூற்றைம்பது பேருக்குள்தான்.

இறங்கியதும் துறைக்குப் பக்கத்திலேயே 'டி' எழுத்து வடிவில் ஒரு பழைய கல் சிலுவை நிற்கும், சற்றுத் தள்ளி மடாலயத்தின் மிச்சமாக ஒரு வட்டக் கோபுரம். 1595இல் ஆங்கிலப் படை அந்த மடத்தை அழித்தது. பார்க்க அரை மணி போதும், மீதி நேரத்தைக் கிழக்குக் கோடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். தீவின் நீளமே ஐந்து கிலோமீட்டர்தான், நடக்கலாம், ஒதுங்க மரம்தான் இருக்காது. கிழக்கே செங்குத்தான பாறைகள், கோடையில் பஃபின் பறவைகள், ஒற்றைக் கண் அரக்கன் பாலோரின் கோட்டை என்று சொல்லப்படும் இடம். பேரன் கையால் சாவு என்று குறி சொன்னதைக் கேட்டு மகளைக் கோபுரத்தில் அடைத்தவன் அவன். நம் கம்சன் கதைதான், அங்கே தங்கைக்குப் பதில் மகள்.

மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம், எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். ஆனாலும் 'கஜே மர் அதா தூ' (எப்படி இருக்கிறீர்கள்) என்று ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள். ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. வந்தாயா என்று கேட்டால் வந்தேன், வரவில்லை என்று வினைச்சொல்லையே திருப்பிச் சொல்ல வேண்டும். 'சாப்பிட்டாச்சா', 'சாப்பிட்டாச்சு' என்று பேசுகிற நமக்கு இது புரிய எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: டோரித் தீவுக்கு ராஜா உண்டாமே, நிஜமா?
- வாசகர், ஈரோடு

பதில்: 2018 வரை இருந்தார், அதிகாரம்தான் கிடையாது. ஊர் கூடி ஒருவரை ராஜா என்று ஏற்றுக்கொள்வது அங்கே பழைய வழக்கம். பாட்ஸி டான் ராட்ஜர்ஸ் என்பவர் 2018இல் இறக்கும்வரை அந்தப் பட்டத்தோடு இருந்தார், துறைக்கு வந்து படகில் இறங்குகிறவர்களை வரவேற்பார், அக்கார்டியன் வாசிப்பார், படமும் வரைவார். படம் வரைவது அந்த ஊரில் தொற்றிக்கொண்டது தனிக் கதை. 1950களில் டெரெக் ஹில் என்ற ஆங்கில ஓவியர் அங்கே வந்து வரைந்துகொண்டிருக்க, ஜேம்ஸ் டிக்சன் என்ற வயதான மீனவர் பின்னால் நின்று பார்த்துவிட்டு, இதைவிட நானே நன்றாக வரைவேன் என்றாராம். சரி, வரையுங்கள் என்று ஹில் வண்ணமும் தாளும் அனுப்பினார், தூரிகையை மட்டும் டிக்சன் வேண்டாம் என்றுவிட்டார். தன் கழுதையின் வால் முடியிலேயே செய்துகொண்டார்.