வாசகர் கேள்வி – பதில்: கொல்லைப்புறத்தில் ஒரு புட்டிங் கிரீன்

கேள்வி: ஐயா, டெக்சாஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரில் வசிக்கிறோம். வீட்டின் கொல்லைப்புறத்தில் 16 அடி அகலமும் 20 அடி நீளமும் உள்ள இடத்தில், செயற்கைப் புல்லால் கோல்ஃப் பயிற்சிக்கான புட்டிங் கிரீன், அதாவது பந்தை மெதுவாகத் தட்டிக் குழியில் விழச் செய்து பழகும் தளம், அமைக்க விரும்புகிறேன். ஒப்பந்தக்காரர் கேட்கும் தொகை மலைக்க வைக்கிறது. இருக்கும் புல்தரையை ஒட்ட வெட்டிவிட்டு, செயற்கைப் புல்லை வாங்கி அதன் மேல் நானே விரித்துக்கொள்ளலாமா?

பதில்: வேலையை நீங்களே செய்யலாம், ஆனால் புல்தரையின் மேல் அப்படியே விரிப்பது வீண் செலவு. உங்கள் பகுதியின் மண் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலைப் போன்றது. மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். உங்கள் ஊரில் பலர் வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றிக் கசிவுக் குழாய் போட்டுக் கோடையில் நனைத்து வைப்பதும் இதே மண்ணுக்குப் பயந்துதான். மெதுவாக உருளும் பந்து, கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளத்திலும் திசை மாறிவிடும் என்பதால், இந்த வேலையில் பணமும் உழைப்பும் புல்லை விட அதற்கு அடியில் உள்ள தளத்துக்கே அதிகம் போக வேண்டும்.

தோண்டுவதற்கு முன் உங்கள் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கத்திடம் எழுத்து மூலம் ஒப்புதல் பெறுங்கள். பிறகு 811 என்ற எண்ணை, குறைந்தது இரண்டு வேலை நாட்களுக்கு முன்பே அழைத்தால், நிலத்தடியில் செல்லும் எரிவாயு, மின்சாரத் தடங்களைக் கட்டணமின்றி அடையாளமிட்டுத் தருவார்கள். உங்கள் தோட்டத்துத் தெளிப்பான் குழாய்கள் அந்த அடையாளத்தில் வராது. மண்வெட்டி பட்டு உடைவது பெரும்பாலும் அவைதான்.

புல்லை வேரோடு நீக்கி, ஐந்து அங்குல ஆழத்துக்கு மண்ணை எடுத்துவிட்டு, களிமண் மேலேறி ஜல்லியோடு கலந்துவிடாதபடி ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். அதன் மேல் குறைந்தது நான்கு அங்குலத் தளம் வேண்டும்: அடியில் உடைத்த ஜல்லி, மேல் ஒரு அங்குலத்துக்கு நைசான கிரஷர் பொடி. மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி இடித்தால் மேல்பகுதி மட்டும் இறுகி அடிப்பகுதி தளர்ந்தே கிடக்கும். ஆகவே இரண்டு அங்குலத்துக்கு ஒரு முறை லேசாக நனைத்து, வாடகைக்குக் கிடைக்கும் பிளேட் கம்பாக்டரால் (அதிர்ந்து தரையை இறுக்கும் இயந்திரம்) இடிக்க வேண்டும். அகலத்தை 14 அடியாகக் குறைத்து (காரணத்தை அடுத்துச் சொல்கிறேன்) பதினான்குக்கு இருபது அடி என்று வைத்தால், இடித்தபின் அமுங்குவதையும் சேர்த்து ஏறத்தாழ ஆறு டன் சரக்கு பிடிக்கும். அத்தனையையும் தள்ளுவண்டியில் பக்கவாட்டு வாசல் வழியே கொண்டுபோக வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே நினைத்துப் பாருங்கள்.

அகலத்தை 16லிருந்து 14 அடியாகக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. புல் சுருள்கள் பெரும்பாலும் 15 அடி அகலத்தில் வருகின்றன. அதற்குள் அடங்கினால் நடுவில் ஒட்டு வராது. கைதேர்ந்தவர் போட்ட ஒட்டிலும் பந்து சில சமயம் துள்ளும்.

நீர் வடிய, 20 அடி நீளத்துக்கு மூன்று அங்குல வாட்டம், வீட்டுச் சுவரை விட்டு விலகும் திசையில் இருந்தால் போதும். தொலைக்காட்சியில் பார்த்த மேடு பள்ளங்களையெல்லாம் இந்தச் சிறிய இடத்தில் கொண்டுவர ஆசைப்படாதீர்கள். குழியைச் சுற்றிச் சரிவு 3 சதவீதத்தைத் தாண்டினால் தவறிய பந்து குழிக்கு அருகில் நிற்காமல் ஓடிவிடும். தளம் முடிந்ததும் ரசமட்டத்தை மட்டும் நம்பாமல், ரப்பர் குழாயால் தண்ணீர் தெளித்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். தேங்கிய இடத்தில் பொடி தூவி மீண்டும் இடித்த பிறகே புல்லை விரிக்கலாம். குழியின் விட்டம் விதிப்படி நாலேகால் அங்குலம். குழிக்குள் பதிக்கும் கிண்ணத்தின் விளிம்பு புல்லின் மட்டத்துக்குச் சற்றுக் கீழேயும், அடியில் நீர் இறங்கச் சிறிது ஜல்லியும் இருக்கட்டும்.

கேள்வி: கடைக்காரர் ஒரு புல்லுக்கு "ஸ்டிம்ப் 10" என்கிறார். அது என்ன? நைலான் நல்லதா, பாலிபுரொப்பிலீன் நல்லதா?

பதில்: 1935இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த அமெரிக்க ஓப்பன் போட்டியைப் பார்த்த பிறகு எட்வர்ட் ஸ்டிம்ப்சன் உருவாக்கிய அளவுகோல் அது. 36 அங்குல நீளமுள்ள, பள்ளம் வெட்டிய ஒரு சட்டத்தின் ஒரு முனையை உயர்த்தினால், ஏறத்தாழ 20 பாகை சாய்வில் பந்து தானாக விடுபட்டு உருளும். சமதளத்தில் அது ஓடும் அடிக்கணக்கே அந்த எண். வீட்டுப் பயிற்சிக்கு 9 அல்லது 10 தாராளம். ஆனால் அந்த எண் புல்லுக்கு மட்டும் உரியதன்று. உங்கள் தளத்தின் இறுக்கத்தைப் பொறுத்தும் மாறும் என்பதால், கடையில் சொன்னது வீட்டில் அப்படியே வராது.

நைலான் விலை கூடியது, நிமிர்ந்து நிற்கும், மணல் அதிகம் கேட்காது. பாலிபுரொப்பிலீன் இழைகளுக்கிடையே உலர்ந்த மணலை மெல்லிய அடுக்குகளாகத் தூவித் துடைப்பத்தால் தேய்த்து இறக்க வேண்டும்; கூடுதலாக மணல் இறங்கி இறுகினால் பந்து வேகமாக ஓடும் என்பதால், வேகத்தை நீங்களே திருத்திக்கொள்ளலாம். முதல் முறை அமைப்பவருக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

கேள்வி: அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறோம். புதிதாகப் போட்ட கிரீனில் ஒரு கோடு மட்டும் உருகிச் சுருண்டிருக்கிறது. புல் தரக்குறைவானதா?

பதில்: முதலில் உங்கள் ஜன்னலைப் பாருங்கள். வெப்பத்தைத் தடுக்கும் இரட்டைக் கண்ணாடி ஜன்னல்களில் கண்ணாடி சற்றே உள்வளைந்து, வெயிலைக் குவித்துத் தரையில் வீசுவதுண்டு. சூரியன் நகர நகர அந்த ஒளியும் நகர்வதால் உருகிய தடம் கோடாகத் தெரியும். ஜன்னலுக்கு வெளிப்புறம் வலைத்திரை மாட்டிய பிறகே அந்தப் பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் துண்டு ஒட்டுங்கள். ஒட்டும்போது இழைகள் சாயும் திசை பழையதோடு ஒத்திருக்க வேண்டும். கோடை நண்பகலில் இந்தப் புல் 60 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறக்கூடும். தண்ணீர் தெளித்தால் கிடைக்கும் குளிர்ச்சி சிறிது நேரமே நிற்கும் என்பதால், குழந்தைகளை அந்நேரத்தில் வெறுங்காலுடன் அதில் இறங்க விடாதீர்கள்.